நான் பிறந்த ரேஞ்சர் ஆபீஸ்

உடுமலைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருந்த பழைய ரேஞ்சர் ஆபீஸில்தான் நான் பிறந்தேன். அப்பா அங்கே ஃபாரஸ்ட் கார்டு. எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி மழையில் ஓடை பெருகிப் பாதை அறுந்துபோன நாளில் அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. எங்கள் குடியிருப்பில் ஒழுகாத இடமே இல்லை. ரேஞ்சர் தன் மேசையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அறையை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தார். மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி நனைந்துகொண்டே இறங்கி வந்து பிரசவம் பார்த்தாள்.

காட்டுக்கல் சுவர், பட்டை உரிக்காத மரத்தூண்கள் என்று அம்மா அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லாத நாளில்லை. "வலி பொறுக்காம தூணக் கட்டிப் புடிச்சேன் கண்ணு. பட்டை கையெல்லாம் கீறிப்போட்டுச்சு. 'ஆபீஸ்ல பொறந்த புள்ள, ஆபீசராத்தான் வரும்'னாரு ரேஞ்சரு."

அப்பா இறந்ததும் டவுனுக்கு, மண்ணரைக்குக் குடிவந்தோம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனேன். "ஒருக்கா அங்க போயிட்டு வரலாமா கண்ணு?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "ஷிப்மென்ட் முடியட்டும்மா" என்பேன். ஒரு ஷிப்மென்ட் முடிந்தால் அடுத்தது வந்துவிடும்.

ஒருவழியாகத் தீபாவளி லீவில் போனோம். பிரசவம் பார்த்தவளுக்கென்று அம்மா ஒரு சேலை எடுத்திருந்தாள். போய்ப் பார்த்தால் அங்கே சுண்ணாம்பு வாசம் போகாத கான்கிரீட் கட்டடம்.

"பழசை இடிச்சுட்டாங்களுங்க" என்றார் அங்கிருந்த இளம் கார்டு. "செவுரு கெட்டியாத்தான் இருந்துச்சு. கடப்பாரைக்கே அசையல."

அம்மா ஆபீஸ் ஜீப் நின்ற பக்கமாக நடந்தாள். "இங்கதான்…" என்றவள், "இல்ல, அந்தப் பக்கமோ?" என்று திரும்பினாள். அவளால் அறை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த மலைக்கிராமத்துப் பெண்ணைப் பற்றிக் கேட்டோம்.

"அவங்களா? இடிக்கிறப்ப வந்திருந்தாங்க. 'இந்த ரூம்ல ஒரு பொட்டப்புள்ளய எடுத்தேன், இப்ப எங்க இருக்குதோ'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தாங்க."

அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மேலே அவள் ஊருக்கு ஏறினால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது; காலையில் எனக்குக் கம்பெனி. கார்டிடம் சேலையைக் கொடுத்துவிட்டு இறங்கினோம்.

"அடுத்த லீவுக்கு மேல போய்ப் பாத்துரலாம்மா" என்று பஸ்ஸில் சொன்னேன். அடுத்த லீவுக்குள் அம்மாவுக்கு முழங்காலை மடக்க முடியாமல் போயிற்று. நான் மட்டுமாவது ஏறிப் போய், "அந்தப் புள்ள நான்தானுங்க" என்று பிரசவம் பார்த்தவள் முன்னால் நின்றிருக்கலாம்.