லியோனைப் பற்றி ஜாய்சி எழுதியது

புன்னக்காயல் ஜாய்சி ஏழு வருடம் சிறையில் இருந்தாள். கணவன் லியோனைக் கழிமுகத்தில் தள்ளிக் கொன்றாள் என்பது வழக்கு. அன்று விடியற்காலையில் படகுத்துறையில் இருவரும் போட்ட சண்டையைப் பலர் கேட்டிருந்தார்கள். அவன் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. மேல்முறையீட்டில், சாட்சியம் போதாது என்று விடுதலை செய்தார்கள்.

உள்ளே அவள் வெறும் எண். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் மற்றப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுத்தாள். மிஞ்சிய தாள்களில் தனக்காக எழுத ஆரம்பித்தாள். கருவாட்டு வாடை, மாதா கோயில் மணி, பதினோரு வயது மகளுக்குக் கடைசியாகப் பின்னிவிட்ட சடை. ஒவ்வொன்றின் அடியிலும் தன் பெயரை முழுதாகப் போடுவாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே ஆள் இல்லை.

வெளியே வந்தபோது ஊரில் வீடு இல்லை. லியோனின் அக்கா வீட்டில் வளர்ந்த மகள் டார்லின், பார்க்க வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினாள். ஜாய்சி ஏரலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவள் "ஜெயில்காரம்மா". திருநெல்வேலியிலிருந்து வரும் ஒரு சிறுபத்திரிகைக்குக் கவிதைகளை அனுப்பினாள். "ஜாய்சி, புன்னக்காயல்" என்று அச்சில் வந்த அன்று, அந்தப் பக்கத்தை முதலாளியிடம் காட்டினாள்.

"இனிமே பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, அண்ணாச்சி."

மறுநாளிலிருந்து அவர் ஜாய்சி என்றார்.

பத்திரிகை எப்படியோ டார்லின் கைக்கும் போயிருந்தது. ஒரு மத்தியானம் கல்லூரிப் பையோடு கடைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"எல்லாத்தையும் வாசிச்சேன். அப்பாவப் பத்தி ஒரு வரி இல்லியே?"

"எழுத வரல, மக்ளே."

"வரலியா, எழுத மாட்டீங்களா?"

மகள் வாயிலிருந்து வந்த அந்த மரியாதை ஜாய்சிக்குச் சுருக்கென்றது.

"அடுத்த சனிக்கிழம வா. எழுதி வைக்கேன்."

அந்த வாரம் எழுதி எழுதிக் கிழித்ததில் சில வரிகளே தேறின:

படியில் சறுக்கி விழுந்தாய்.
நீந்தத் தெரிந்தவன், ஏறி வருவாய் என்று
கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.
தள்ளினாயா என்று எல்லாரும் கேட்டார்கள்.
திரும்பிப் பார்த்தாயா என்று
ஒருவரும் கேட்கவில்லை.

சொன்னபடி வந்த டார்லின் நின்றுகொண்டே படித்தாள்.

"எவ்வளவு தூரம் போனீங்க?"

"ஐஸ் கம்பெனி வரைக்கும். திரும்பி ஓடியாந்து பாத்தேன். தண்ணிமேல ஆளக் காணல."

டார்லின் தாளை மடித்துப் பையில் வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

அந்தக் கவிதையும் அச்சில் வந்தது. அவளே ஒத்துக்கொண்டாள் என்று ஊரில் பேச்சு.

"விடுதல ஆயிட்டே, இத எதுக்கு வெளிய சொன்ன?" என்றார் அண்ணாச்சி.

"எனக்கு மட்டும்தான தெரியும் அண்ணாச்சி. வேற யாரு எழுதுவா?"

மூன்று மாதம் ஆகிறது. டார்லின் பிறகு வரவில்லை. தாளைத் திருப்பி அனுப்பவும் இல்லை.