மாமா பிரேக் போட்டு எழுதின பரீட்சை

எங்க அக்கா புருஷன் டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவர். நான் மாமான்னு கூப்பிடுவேன். அவர் இல்லாதப்போ எல்லாரும் 'பிரேக்கு'ன்னு கூப்பிடுவாங்க, நான் உட்பட. பழகுற கார்ல பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் இருக்கும். வருஷக்கணக்கா அதை மிதிச்சு மிதிச்சு அவரோட வலது கால் அவர் பேச்சைக் கேக்கிறதை நிறுத்திடுச்சு. யாராவது தப்பு பண்ணப் போறாங்கன்னு தெரிஞ்சாலே போதும், தரையை ஓங்கி ஒரு மிதி. டிவி சீரியல்ல ஒரு பொண்ணு தப்பான ஆளுக்குச் சம்மதம் சொல்ற அன்னிக்கு, கீழ் வீட்டுக்காரர் மேல ஏறி வந்து சண்டை போட்டுட்டுப் போனார்.

நான் கல்யாணம் காட்சின்னு எதுவும் இல்லாம அவங்க வீட்டுலயே ஒரு ரூம்ல ஒட்டிக்கிட்டு இருக்கிறவ. அதனால நடந்த கூத்தை எல்லாம் கண்ணால பார்த்தேன்.

மாமாவுக்கு ஒரே ஒரு ஆசை. காலேஜ்ல சாயங்கால வகுப்பு ஒண்ணு நடக்குது, ரோடு, சிக்னல், திருப்பம் எல்லாம் எப்படி அமைக்கிறதுன்னு சொல்லித் தர்ற படிப்பு. "தினமும் ஒரே முச்சந்தியில நின்னு திட்டுறேன். ஒரு தடவையாவது நானே ஒண்ணை ஒழுங்கா போட்டுக் காட்டணும்"னு சொல்லிக்கிட்டே இருப்பார். ஆனா இடம் கொஞ்சம், நுழைவுத் தேர்வு உண்டு, வயசுக்கும் வரம்பு உண்டு. இந்த வருஷத்தை விட்டா அவருக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான்.

தலகாணி சைசுக்கு ஒரு கைடு வாங்கிட்டு வந்தார். விடிஞ்சதும் சாப்பாட்டு மேஜையில அதைப் பிரிச்சு வெச்சுட்டு உக்காருவார். உக்காந்தா உக்காந்ததுதான். முதல் கணக்கையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருப்பார். கணக்கு தெரியாதுன்னு இல்லை, மனுஷனுக்குத் தானா கிளம்பத் தெரியலை.

ஒருநாள் அக்கா காபி வைக்க வந்தவ எட்டிப் பாத்துட்டு, "இது எழுபதுதானே?"ன்னா. தரையில டொம்முன்னு ஒரு மிதி.

"எப்படி எழுபது? வேகம் குறைஞ்சா நேரம் கூடுமா, குறையுமா?"ன்னு ஆரம்பிச்சவர், மூச்சு விடாம கணக்கை முடிச்சுட்டுத்தான் நிமிர்ந்தார். முடிச்சப்புறம் அவருக்கே ஆச்சரியம். அடுத்தவங்க தப்பு பண்ணினாத்தான் இவருக்கு மூளை ஓடும்னு அன்னிக்குத்தான் எங்களுக்குப் புரிஞ்சுது.

அதுக்கப்புறம் அதுவே ஏற்பாடு. அக்கா பேனாவைப் பிடிச்சு ஓட்டுறவ இடத்துல உக்காரணும். அவ தப்புத் தப்பா போடப் போட, இவர் பக்கத்துல இருந்து பிரேக் போடணும். கீழ் வீட்டுக்காரருக்காக ஒரு பழைய மெத்தையை மடிச்சு மாமா காலுக்குக் கீழ போட்டோம். அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை. பாவம், அரக்கப்பரக்க கிளம்புறதுக்கு நடுவுல இது வேற. நாளாக ஆக அவ போடுற தப்பு நைசாயிடுச்சு. கடைசி வரி வரைக்கும் சரியா போயிட்டு, ஒரு கழித்தல் குறியில கவுத்துடுவா. "உங்க அக்கா எங்க தப்பு விடுவான்னு ஆண்டவனுக்கே தெரியாது"ன்னு மாமா என்கிட்ட பெருமையா சொல்வார். இவளுக்கு இப்படி மண்டையில எதுவுமே ஏறலையேன்னு எனக்கு உள்ளுக்குள்ள வருத்தமாத்தான் இருந்துச்சு.

தேர்வுக்கு விண்ணப்பம் போடுறப்போ மாமா அடம் பிடிச்சார். "தனியா போனா எனக்கு ஓடாது. நீயும் ஒண்ணு போடு. பக்கத்துல வந்து சும்மா உக்காந்திரு." ரெண்டையும் ஒரே நேரத்துல அனுப்பினா பக்கத்துப் பக்கத்து இடம் கிடைக்கும்னு அவரா ஒரு கணக்கு போட்டிருந்தார். கடைசியில இவருக்குக் கீழ்த்தளம், அவளுக்கு மூணாவது மாடி.

தனியா மாட்டிக்கிட்ட மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? ஒவ்வொரு கேள்விக்கும் முதல்ல வேணும்னே ஒரு தப்பான விடையைக் குறிச்சிருக்கார். அதைப் பாத்து கோபப்பட்டு, மிதிச்சு, அழிச்சு, அப்புறம் சரியானதைக் குறிச்சிருக்கார். மிதிக்கிற சத்தத்துக்கு மேற்பார்வையாளர் ரெண்டு தடவை வந்து கண்டிச்சுட்டுப் போனாராம். விடைத்தாள்ல அங்கங்க ஓட்டை. நேரம் முடிஞ்சு மணி அடிக்கிறப்போ கடைசிப் பக்கத்தை இவர் திருப்பவே இல்லை.

முடிவு வந்துச்சு. அக்காவுக்கு இடம் கிடைச்சுது. மாமா காத்திருப்புப் பட்டியல்ல முதல் ஆள். யாராவது ஒருத்தர் விலகினா அந்த இடம் அவருக்கு. வேற யாரும் விலகலை.

சொந்தக்காரங்க சும்மா இருப்பாங்களா? மாமாவோட அண்ணன் போன் பண்ணி, "விட்டுக் கொடுத்துடும்மா, எல்லாம் வீட்டுக்குள்ளதானே"ன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு நான்தான் போனைப் பிடுங்கி வெச்சேன்.

அக்கா கையைத் துடைச்சுக்கிட்டு மேஜைக்கு வந்து உக்காந்தா. "நான் தர மாட்டேங்க"ன்னா.

"நான் கேக்கவே இல்லையே."

"கேக்கலை. காலைலேர்ந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கீங்க."

"இல்ல, உனக்குத்தான் கணக்கே வராதே. அங்க போய் கஷ்டப்படுவியேன்னு..."

"தப்பா போடணும்னா சரி எதுன்னு தெரிய வேண்டாமா?"ன்னா அக்கா. "முதல்ல ஒழுங்கா போட்டுப் பாப்பேன். அப்புறம் எந்த இடத்துல தப்பு விட்டா உங்களுக்கு நல்லா கோபம் வரும்னு யோசிப்பேன். ஆரம்பத்துல உங்களுக்காகத்தான் போட்டேன். போகப் போக எனக்கே பிடிச்சுப் போச்சுங்க. கடையில லென்ஸ் தேய்க்கிறப்போகூட அதுதான் ஓடும். எனக்கு இது வேணும்."

"அந்த ரயில் கணக்கு?"ன்னார் மாமா. அக்கா போட்டதுலயே அவர் ரொம்பப் பெருமையா கண்டுபிடிச்ச தப்பு அது.

"அதுவும்தான்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. இத்தனை வருஷம் கூடப் பொறந்தவளா இருந்தும் எனக்குத் தெரியலையேன்னு வெக்கமா வேற இருந்துச்சு. மாமா கண்ணைத் துடைச்சுக்கிட்டார். "போ. நல்லா படி"ன்னார். அவருக்கு வலிச்சுது, மறைக்கவும் இல்லை. "எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. ஆனா நீ படிக்கப் போயிட்டா என் பக்கத்துல யாரு உக்காருவா?"

அக்கா என்னைக் காட்டினா.

"இவளா? இவளுக்கு உன்னை மாதிரி வேணும்னே தப்பு போட வருமா?"

"இவளுக்கு அது தேவைப்படாதுங்க"ன்னா அக்கா.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் எழுந்து போய் கைடை எடுத்துட்டு வந்து என் முன்னாடி பிரிச்சு வெச்சார்.