பத்தாவது குழி

2024 ஜூன் 12, புதன். ஐந்தே காலுக்கு எழுந்தேன். ஆற்றில் குளித்துவிட்டு வந்து, ஆறு மணிக்குக் காபி போட்டேன். இருவருக்கு அளந்த பாலில் பாதியைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றினேன். மகளின் பிரசவத்துக்காக மனைவி மஸ்கட் போய் எட்டு மாதமாகிறது. கைக்கு இன்னும் அது தெரியவில்லை. எட்டு மணிக்கு வண்ணார்பேட்டைப் பட்டறையைத் திறந்தேன்.

அன்றைய வேலை, சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் வேகப்படகு ஒன்றின் என்ஜின் ஹெட். அதன் வால்வு ஸ்பிரிங்குகள் பன்னிரண்டையும் சோதிக்க வேண்டும். முழு வேகத்தில் ஒரு ஸ்பிரிங் தளர்ந்தாலும் வால்வு நேரத்துக்கு மூடாது. மேலேறும் பிஸ்டன் அதை இடித்து, கடலுக்குள்ளேயே என்ஜின் நொறுங்கும். படகுக்காரர் முந்தின நாள் சொல்லியிருந்தார்: "பைய பாரும் வே. படகுல நீந்தத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்."

கழற்றிய ஸ்பிரிங்குகள் இடம் மாறாமலிருக்க, மனைவியின் பல்லாங்குழிப் பலகையில் போட்டுவைப்பது எங்கள் வழக்கம். முறை அவளுடையது. கீழ்வரிசையில் இடமிருந்து வலமாக ஏழு. ஆட்டத்தில் காய் போடுவதுபோல அங்கே திரும்பி, மேல்வரிசையில் வலமிருந்து இடமாக மீதி ஐந்து. கடைசி இரண்டு குழிகள் காலி. நான் அளவைச் சொல்ல, அவள் எழுதுவாள். இப்போது நானே எழுதுகிறேன். சத்தமாகச் சொல்வதை மட்டும் விடவில்லை.

வெர்னியரில் உயரம், மூலைமட்டத்தில் சாய்வு, டெஸ்டரில் அழுத்தம் பார்த்தேன். பத்தாவது ஸ்பிரிங்கில் உயரம் சரி, அழுத்தம் குறைவு. குறித்துக்கொண்டு அதே குழியில் வைத்தேன். மாலையில் அதை எடுத்துத் தகர டப்பாவில் போட்டுவிட்டுப் புதியதை வைத்தேன்.

ஆறரைக்கு மனைவி போனில் கூப்பிட்டாள். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாளாம்.

"ஆனி பொறந்ததும் வாரேன்னியே?"

"மவ வேலைக்குப் போகணும்லா. ஆவணியில வாரேன். பட்டறையில என்ன வேலை?"

"படகு ஹெட்டு. பத்தாவது ஸ்பிரிங் போச்சு. மேல்வரிசையில இடமிருந்து மூணாவது. எடுத்துட்டேன்."

கொஞ்சம் யோசித்தாள். "காலிக் குழி ரெண்டும் எங்கன இருக்கு?"

"இடது ஓரத்துல."

"அப்போ மூணாவது பன்னெண்டுல்லா? நல்லதைத் தூக்கிப் போட்டுட்டு நோஞ்சானை உள்ள வச்சிருக்கீங்க!"

அவள் சிரித்தாள். நானும் சிரிக்கப் போய், படகுக்காரரின் நீச்சல் நினைவுக்கு வர நிறுத்திக்கொண்டேன். காலையில் அவள் முறைப்படி சுற்றி எண்ணியவன், மாலையில் புத்தகம் படிப்பதுபோல இடமிருந்து எண்ணியிருக்கிறேன். அந்தக் காலிக் குழிகளைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஆவணி ஆரம்பத்துலயா, கடைசியிலயா?" என்று கேட்டேன்.

"நாளைக்கு மறுபடி அளப்பீங்கள்லா, அப்போ கூப்பிடுங்க" என்றாள்.

ஜூன் 13, வியாழன். பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாக, பன்னிரண்டாவது குழியிலிருந்த புதியதை எடுத்துவிட்டு, டப்பாவிலிருந்ததை அங்கே திரும்ப வைத்தேன். போனைப் பலகையோரம் சாய்த்து ஸ்பீக்கரில் போட்டு, ஒன்றாவது ஸ்பிரிங்கின் அளவைச் சொன்னேன். அங்கே எழுதிக்கொண்டு, "ம், அடுத்து" என்றாள்.