திருப்பிப் போட்ட வரைபடம்

"இது யார் தூங்குற அறை?" என்று கேட்டார் மோர்தா டவ்கேலைத்தே.

"குழந்தைங்க, டீச்சர்," என்றேன்.

"வடக்கு எந்தப் பக்கம்?"

தாளின் மூலையில் நான் போட்டிருந்த அம்புக்குறியைக் காட்டினேன். அறையின் ஜன்னலும் அதே பக்கம்தான் இருந்தது.

"அப்போ இந்தக் குழந்தைங்களுக்கு வெயில் எங்கேருந்து வரும்? உங்க வீட்லேருந்து வாளியில கொண்டுவந்து ஊத்துவியா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது.

"ஜன்னலை மாத்திடறேன், டீச்சர்."

"நீ ஒண்ணும் மாத்த வேண்டாம். நகரு."

கைப்பையிலிருந்து சவர பிளேடு ஒன்றை எடுத்தார். ட்ரேசிங் தாளில் மையால் போட்ட கோட்டை அப்படித்தான் சுரண்டி எடுக்க வேண்டும். ஆனால் அவர் ஜன்னலை மட்டும் சுரண்டவில்லை. அறையைச் சுரண்டினார், பக்கத்து அறையைச் சுரண்டினார், மாடிப்படியைச் சுரண்டினார். தாள் கிழிந்ததும் பிளேடைத் துடைத்து உள்ளே வைத்தார்.

"மூணு வாரம் உக்காந்து போட்டது, டீச்சர்."

"மூணு வாரமா தப்பு பண்ணியிருக்க. சந்தையில திரைச்சீலை விக்கப் போ. அங்க வடக்கு எங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது. கௌனாஸ் நகரில் எங்கள் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையில் அவரிடம் அழாமல் தேறியவர்கள் இல்லை. தவறு செய்தவர்களை அவர் ஒருபோதும் மன்னித்ததில்லை. அதை நாங்கள் பெருமையாகவே வெளியில் சொல்லிக்கொள்வோம்.

அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அவரும் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்தான். நாற்பது மேஜைகளில் இரண்டில் மட்டும் பெண்கள். இசை அரங்கம் ஒன்றுக்கு அவர் வரைந்த திட்டத்தை இயக்குநர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மோர்தா கண்ணு, காபி போட்டுட்டியா?" என்று மட்டும் கேட்டாராம். கல்யாணம் செய்துகொள்ளாத அவருக்கு மழலையர் பள்ளிகள் ஒதுக்கப்பட்டன. "சொந்தமாப் பெத்துக்கத் தோணல. ஊரான் பிள்ளைங்களுக்காவது கூரை போடட்டும்" என்று கூட்டத்தில் சொல்லிச் சிரித்தார்கள். அவர் பதினொரு மழலையர் பள்ளிகள் கட்டினார். அரங்கம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஏழாவது பள்ளி கிர்வைனை என்ற சிற்றூரில். அந்தக் காலத்தில் மதியத் தூக்கத்துக்குக் குழந்தைகளைப் பனிக்காலத்திலும் திறந்த தாழ்வாரத்தில்தான் படுக்க வைப்பார்கள். கம்பளிப் பைக்குள் உடம்பு, வெளியே மூக்கு மட்டும். எங்கள் நாட்டில் வெயில் தெற்கிலிருந்துதான் விழும் என்பதால் தாழ்வாரம் தெற்கு பார்த்து இருக்க வேண்டும். மோர்தாவும் தெற்கில்தான் போட்டிருந்தார். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி காலையில் தொலைபேசி வந்தது. சாலை பள்ளிக்குத் தெற்கே வருகிறது, வாசல் சாலைப் பக்கம் வேண்டும் என்றார்கள். காலாண்டின் கடைசி நாள் அது. மாலை ஐந்து மணிக்குள் படம் போகாவிட்டால் நாற்பது மேஜைக்கும் ஊக்கத்தொகை கிடையாது. புதிதாக வரைய நேரமில்லை. எல்லோரும் செய்வதுபோல ட்ரேசிங் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, எழுத்துகளை மட்டும் புதிதாக எழுதிப் படி எடுத்தார்கள். வாசல் தெற்கே வந்தது. தாழ்வாரம் வடக்கே போனது. மோர்தா கையெழுத்துப் போட்டார்.

முதல் பனிக்காலத்திலேயே பதினான்கு குழந்தைகள் நிமோனியாவில் விழுந்தார்கள். இரண்டு குழந்தைகள் வீடு திரும்பவில்லை.

விசாரணையில் பழி படி எடுப்பவர்மேல் விழுந்தது. அவர் பெயர் ஸோசே பிக்துர்னைத்தே. பிறந்து வளர்ந்தது அதே கிர்வைனையில். அவரை அலுவலகத்தின் அடித்தளத்தில் வரைபடங்களை அம்மோனியா ஆவியில் நீலப்படி எடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். ஜன்னல் இல்லாத அறை, நாள் முழுக்க அந்த நெடி. அலுவலகம் மூடப்படும் வரை, பதினேழு ஆண்டுகள், அங்கேயே இருந்தார். மோர்தா நான்கு ஆண்டுகளில் பல்கலைக்கழக ஆசிரியரானார்.

இதெல்லாம் அவருடைய எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குத் துறை ஒரு புத்தகம் கொண்டுவர நினைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. சோவியத் காலத்துக் கோப்புகள் ரஷ்ய மொழியில் இருந்தன. நான் எட்டாம் வகுப்புவரை ரஷ்யப் பள்ளியில் படித்தவள் என்பதால் வேலை என்னிடம் வந்தது. விசாரணைக் குறிப்பில் மோர்தாவின் வாக்குமூலம் ஒரே வரி: "படி எடுப்பவர் என்னைக் கேட்காமல் திருப்பிவிட்டார்." அதே கோப்பில், வரைபடத்தோடு துருப்பிடித்த குண்டூசியால் குத்தப்பட்டு, பென்சிலில் ஒரு துண்டுச்சீட்டு: "ஸோசே, திருப்பிப் போடு. வாசல் சாலைப் பக்கம். மோ. ட." வாக்குமூலத்தின் கீழிருந்த அதே கையெழுத்து.

ஸோசேயை ஒரு முதியோர் இல்லத்தில் கண்டுபிடித்தேன். மூக்கில் பிராணவாயுக் குழாய். மடியில் தட்டு வைத்துக் கறுப்பு ரொட்டியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அவளுக்குப் புத்தகம் போடறீங்களாமே. படம் எல்லாம் கலர்லயா?"

"ஆமாம்."

"என்னைப் பத்தி ஒரு வரி வருமா?"

"என்ன எழுதணும்?"

"திருப்பச் சொன்னது அவதான்னு. அது போதும். எங்க ஊர்ல இன்னிக்கும் நான் பிள்ளைங்களைப் பனியில படுக்க வச்சவ. அண்ணன் மக கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடல. வீட்டுக்குப் போய் நாப்பது வருஷம் ஆச்சு." மூச்சு வாங்கினார். "விசாரணையப்போ நான் அவ பக்கத்துலதான் நின்னேன். ஒரு வரி சொன்னா. மிச்சத்தையும் சொல்லுவான்னு வாயையே பாத்துட்டு நின்னேன். அவ தண்ணி குடிச்சிட்டு உக்காந்துட்டா."

"நீங்க சீட்டைக் காட்டியிருக்கலாமே?"

"படத்தோட சேத்துக் குத்தி வச்சிருந்தேனே, கண்ணு. அவங்களே பாப்பாங்கன்னு நெனச்சேன்."

சீட்டின் நகலோடு மோர்தா வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஜன்னலோரம் போய்ப் படித்தார்.

"என் எழுத்துதான். அப்பவே எவ்வளவு நேரா இருக்கு பாரு. உங்கள்ல ஒருத்தருக்கு இப்படி வருமா?"

"அவங்க ஒரே ஒரு வரிதான் கேக்கறாங்க, டீச்சர்."

"இன்னும் இருக்காளா? அந்த நாத்தத்துல அத்தனை வருஷம் கெடந்துட்டா?"

"குழாய் வச்சிருக்காங்க. வசந்தத்தைத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்றாரு."

அவர் உட்கார்ந்தார். எனக்கு நாற்காலி காட்டவில்லை.

"நான் சொல்லியிருந்தா என்னைத் துரத்தியிருப்பாங்க. பொம்பளை கையில பென்சிலைக் குடுத்தா பிள்ளைங்க சாவும்னு சொல்லியிருப்பாங்க. எனக்கப்புறம் ஒருத்திக்கும் அங்க மேஜை கிடைச்சிருக்காது. உன்னையெல்லாம் வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பாங்க."

"அதனால ஸோசேயா?"

"ஆமா. அதனால ஸோசே. படி எடுக்கிறவளுக்கு இழக்க என்ன இருந்துது?"

புத்தகம் மார்ச்சில் அச்சுக்குப் போனது. ஏப்ரலில் ஸோசே இறந்தார். இல்லத்திலிருந்து சொல்லி அனுப்பியும் கிர்வைனையிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஜூனில் புத்தகம் வெளியானது. ஏழாவது பள்ளிக்கு இரண்டு பக்கம், வண்ணப் படங்களோடு. ஸோசேயின் பெயர் எங்குமில்லை. சீட்டின் நகலையாவது அவர் கையில் கொடுத்திருக்கலாம். அதற்கு எனக்கு ஒன்பது வாரம் இருந்தது, பேருந்தில் முக்கால் மணி நேரப் பயணம். நான் போகவில்லை. போன குளிர்காலத்தில் மோர்தாவும் போய்ச் சேர்ந்தார். இப்போதுதான் இதை எழுதுகிறேன், படிக்க வேண்டியவர் இல்லாதபோது.

சீட்டின் நகலைக் காட்டிய அன்று நான் கிளம்பும்போது மோர்தா வாசல்வரை வந்து என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டு ஆண்டுகளில் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

"நீ போடு, நான் தடுக்கல. ஆனா அவ செத்தப்புறம் போடு. இப்பப் படிச்சான்னா அந்தக் குழாயோட யாரையாவது பிடிச்சுக்கிட்டு, உன்னை மன்னிச்சிட்டேன்னு சொல்ல இங்க வந்து நிப்பா. அதை மட்டும் என்னைப் பாக்க வச்சிடாதே."