கைதட்டச் சொன்னேன்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் இருக்கும் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் நான் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். பெரியபாளையத்தில் பஸ் ஏறி, கவரைப்பேட்டையில் ரயிலுக்கு மாறி, ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் போவேன். என் வகுப்பில் பாதிப் பேர் சுற்றுப்பட்டு ஊர்களில் நெல் பயிரிடுகிறவர்களின் பிள்ளைகள். மீதிப் பாதி, கம்பெனி வேலைக்கு எங்கெங்கிருந்தோ வந்தவர்களின் பிள்ளைகள்.

அந்தச் சிறுமி ஜூலை மாதம் வந்து சேர்ந்தாள். பீகாரில் ஏதோ ஒரு கிராமம். அவள் அப்பா ஓர் இரும்புக் கம்பி ஆலையில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அவருக்குத் தமிழ் தெரியாது. கூட வந்தவர்தான் அவருக்காகப் பேசினார். "இப்ப லோடு ஏத்துறாரு டீச்சர். சீக்கிரம் மெஷினுக்கு மாத்துறேன்னு சூப்பர்வைசர் சொல்லிக்கிறாராம்." என்ன சொல்லப்படுகிறது என்பது புரிந்தவர் போல அப்பா சிரித்தார். மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

அவளை உள்ளூர்ப் பெண் ஒருத்தியின் பக்கத்தில் உட்கார வைத்தேன். முதல் இரண்டு மாதம் அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது அந்தப் பெண்தான். பென்சிலைத் தூக்கிக் காட்டி, "இது இன்னா? சொல்லு" என்பாள். இவள் திருப்பிச் சொல்வாள். ஒருநாள் சத்துணவு வரிசையில் யாரோ இடித்தபோது இவள் திரும்பி, "இன்னாடி, கண்ணு தெரில?" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

எனக்குத்தான் பொறுமை இல்லை. பருவத் தேர்வு வந்துகொண்டிருந்தது. அவள் கணக்கில் கெட்டி என்று தெரியும், ஆனால் கேள்வி புரியாமல் விழித்தாள். அந்தச் சமயத்தில் வகுப்பறையில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றி எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். இந்தியில் பேசினால் தமிழில் சொல்லும், தமிழில் பேசினால் இந்தியில் சொல்லும் ஒரு செயலியை அங்கேதான் என் போனில் ஏற்றிக்கொண்டேன். பயிற்சி கொடுத்தவர், "அது சொல்றத அப்படியே எடுத்துக்காதீங்க. முக்கியமான விஷயம்னா மனுஷங்க யாரையாவது வெச்சு ஒருதடவை சரிபாருங்க" என்றார். நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாளே போனை மேசைமேல் வைத்து அவளைக் கூப்பிட்டேன். அவள் பேச, போன் தமிழில் சொன்னதும் வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. ஒரே வாரத்தில் வாய்க்கணக்குகளில் அவள் முதலாவதாக வந்தாள். தலைமையாசிரியை ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் என்னைக் காட்டி, "இவங்க கிளாஸ்ல பாருங்க சார்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதை மறைத்துப் பயனில்லை.

அதன் பிறகு நடந்ததை நான் கவனிக்கவில்லை. தமிழில் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தவள், எது வேண்டுமானாலும் நேரே போனுக்கு வந்தாள். அவள் போனைப் பார்த்துப் பேசினாள். நானும் போனைப் பார்த்தே பதில் சொன்னேன். அவர்கள் வீட்டில் பேசுவது இந்தி இல்லை, அதை ஒட்டிய வேறொரு பேச்சு என்பதும் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

டிசம்பரில் அவள் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் தாமதமாக வந்தாள். தலை பின்னியிருக்கவில்லை. கண்கள் வீங்கியிருந்தன. முந்தின வாரம் போட்டிருந்த அதே அழுக்குச் சட்டை. பக்கத்து வகுப்பில் எட்டாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு நடுவே இருப்பது பாதிச் சுவர்தான்.

"ஏன்மா வரல?" என்று கேட்டு, போனை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் மிகச் சன்னமாக ஏதோ சொன்னாள். போன் ஒரு நொடி யோசித்துவிட்டு, தெளிவான பெண் குரலில் சொன்னது: "அப்பா இயந்திரத்திற்குச் சென்றுவிட்டார்."

எனக்குச் சேர்க்கை நாள் ஞாபகம் வந்தது. மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள், வீட்டில் அந்தச் சந்தோஷத்தில் இரண்டு நாள் அனுப்பாமல் இருந்திருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"பசங்களா, இவளோட அப்பா லோடு ஏத்திக்கிட்டு இருந்தாரு இல்ல, இப்ப மெஷின் ஓட்டப் போறாரு. எல்லாரும் கை தட்டுங்க."

முப்பது பிள்ளைகளும் தட்டினார்கள். நானும் தட்டினேன். அவள் போனைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். பல வாரங்களாக அவள் அப்படிப் பார்த்ததில்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் போய் உட்கார்ந்தாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டு பாடத்தை எடுத்தேன்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. மூன்று நாள் கழித்து, பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் கேட்டேன்.

"அவ ஊருக்கு போறேன்னா மிஸ். அவங்கப்பாக்கு கை போயிடுச்சில்ல."

"இன்னா சொல்ற? யார் சொன்னது உனக்கு?"

"அவதான் மிஸ். அன்னிக்கு மத்தியானம் சாப்பிடச்சொல்ல." அந்தப் பெண் தன் வலது மணிக்கட்டின் மேல் இடது கையைக் கத்திபோல வைத்து இழுத்துக் காட்டினாள். "இப்படி காமிச்சா. 'அப்பா மெஷின்'னு சொல்லிக்கினே அழுதுச்சி."

"ஏன் என்கிட்ட சொல்லல நீ?"

"நீங்கதான் போன்ல கேட்டீங்களே மிஸ். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்." பிறகு, "கை வேற தட்ட சொன்னீங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் அவர்கள் குடியிருந்த இடத்துக்குப் போனேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து அறைகள். அவர்கள் அறையில் வேறு நான்கு பையன்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டே பேசினார்.

"நேத்து காலைல போய்ட்டாங்க டீச்சர். லோடு ஏத்துற மனுஷனை, ஆள் வரலன்னு ஒருநாள் மெஷின்ல நிக்க வெச்சிக்கிறாங்க. கை அதுக்குள்ள மாட்டிக்கிச்சி. பெரியாஸ்பத்திரில மணிக்கட்டோட எடுத்துட்டாங்க. அவரு சம்சாரம் பாவம், பாஷையும் தெரியாம பேஜாரா போச்சி அதுக்கு."

"பொண்ணு?"

"அதை நாந்தான் இஸ்கூலுக்கு அனுப்புனேன். ஊட்ல குந்திக்கினு அழுதுக்கினே இருந்துச்சி. டீச்சராண்ட போனா கொஞ்சம் மனசு ஆறும்னு அனுப்புனேன்."

என்னால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. அந்தக் குடும்பத்தின் சொந்தக்காரர் ஒருவருடைய போன் எண்ணை வீட்டுக்கார அம்மாவிடம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரயிலில் உட்கார்ந்து செயலியைத் திறந்து பார்த்தேன். அவள் பேசியதில் அது கேட்டுக்கொண்ட வரி அப்படியே பதிவாகி இருந்தது. இந்தி தெரிந்த சக பயணி ஒருவரிடம் படிக்கச் சொன்னேன். 'அப்பா', 'மெஷின்', 'போய்விட்டது' எல்லாம் இருந்தன. 'கை' மட்டும் இல்லை. வாய்ப்பாட்டுச் சத்தத்தில் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு, இருந்ததை வைத்து ஒழுங்கான ஒரு வாக்கியம் செய்து கொடுத்திருக்கிறது.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். "விடுங்க டீச்சர், போன் தப்பா சொன்னதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் போன் தவறவிட்டது ஒரு சொல்லை. பின்னாத தலை, அழுக்குச் சட்டை, இரண்டு நாள் அழுது வீங்கிய கண்கள், இவை எதையும் எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வகுப்பிலும் சொன்னேன். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், அவள் அப்பாவுக்கு விபத்து நடந்திருக்கிறது, அன்று நாம் கைதட்டியிருக்கக் கூடாது, உங்கள்மேல் தப்பில்லை என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "வேற நல்ல போன் வாங்கிடலாமா மிஸ்?" என்று கேட்டான்.

போனை நான் தூக்கிப் போட்டுவிடவில்லை. கணக்குக் கேள்விகளுக்கும் பாடத்தில் வரும் சொற்களுக்கும் இன்றும் அது உதவுகிறது. ஆனால் அது சொன்னதை அதன் பிறகு நான் கற்றுக்கொண்ட அரைகுறை இந்தியில் பிள்ளையிடமே திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்கிறேன். வீட்டு விஷயம் என்றால் போனை எடுப்பதே இல்லை. இரண்டு பேச்சும் தெரிந்த ஒரு தாயைக் கூப்பிட்டனுப்புகிறேன். அவர் வரும்வரை பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். இப்போது இதையெல்லாம் செய்கிறேன்.

பொங்கல் கழிந்து, அந்த எண்ணுக்கு ஒருமுறை பேசினேன். ஓர் ஆண் எடுத்தார். பெண்ணின் பெயரைச் சொல்லி, "ஸ்கூல் டீச்சர்" என்றேன். வெகுநேரம் கழித்து அவள் வந்தாள். "நல்லா இருக்கியா?" என்று கேட்டேன். அவள் தன் பேச்சில் நிறையச் சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ம்" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முடித்ததும், "அன்னிக்கு மிஸ் தப்பு பண்ணிட்டேம்மா" என்றேன்.

"சரி மிஸ்" என்றாள் தமிழில்.

என்ன புரிந்து அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. லைன் போய்விட்டது. பிறகு கூப்பிட்டபோதெல்லாம் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றே வந்தது. அங்கே அவளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்களா என்று கேட்பதற்காகத்தான் போன் செய்தேன். அதைக் கேட்கவே இல்லை.