ஆயாக்கொட்டகை ஜெயமணியின் ஆங்கிலம்

மலாயாவில் டுரியான் துங்கால் பக்கத்துச் செம்மண்காட்டு ரப்பர் தோட்டத்தில் ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டவள் ஜெயமணி. விடியுமுன்னே தாய்மார்கள் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவளிடம் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போய்விடுவார்கள். மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர்கள் திரும்புவதற்குள் உச்சி சாய்ந்துவிடும். அதுவரை அத்தனை வயிற்றுக்கும் அத்தனை அழுகைக்கும் ஜெயமணி ஒருத்திதான் பதில் சொல்ல வேண்டும். அவளும் ஒரு காலத்தில் பால் வெட்டியவள்தான். மேட்டு நிரையில், மர வரிசைக்கு நடுவே, வழுக்கி விழுந்து கால் ஒடிந்த பிறகு கொட்டகையில் போட்டார்கள். நடை கொஞ்சம் இழுக்கும். வாய் இழுக்காது.

குழந்தைகளுக்கு அவளால் கொடுக்க முடிந்தது சீனித் தண்ணீரும், டின் பாலைக் கரைத்த வெள்ளைத் தண்ணீரும்தான். முலைப்பால் குடிக்கிற பிள்ளை எத்தனை நேரம் அதில் ஏமாறும்? முப்பத்து மூன்றாம் வருஷம் முனியாயியின் பிள்ளை அப்படியே வாடி, வயிற்றோட்டத்தில் போய்விட்டது. அதிலிருந்து ஜெயமணிக்கு ஒரே நினைப்பு. வெட்டு முடிந்து பால் வடிகிற நேரம் சும்மா நிற்கிற நேரம்தானே? அந்தப் பத்து மணிக்குத் தாய்மார்களைக் கொட்டகைக்கு விட்டால் என்ன குடி முழுகிப் போகும்?

ஆனால் இதைத் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் சொல்ல வழியில்லை. லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் கூலி ஜனம் துரையோடு நேரே பேசுகிற பழக்கமே தோட்டத்தில் கிடையாது. பேச்சு எதுவானாலும் ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி அம்பிகைபாகன் வாய் வழியாகத்தான் போகும், வரும். மலாக்காவிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளைக்கார டாக்டர் கொட்டகையைப் பார்க்க வருவார். அந்த வருஷம் அவர் வந்தபோது ஜெயமணி துணிந்து கிராணியிடம் விஷயத்தைச் சொன்னாள். கிராணி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். டாக்டர் சிரித்தார், துரையும் சிரித்தார், ஒரு குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

கிராணி என்ன சொன்னார் என்பது மறுநாள் தெரிந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் நவரட்ணமும் அன்றைக்குக் கூடவே நின்றிருந்தார். அவர் பெண்சாதி செசிலியா கொட்டகைப் பக்கம் வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"துரையின்ர புண்ணியத்தில பிள்ளையள் எல்லாம் சுகமா இருக்கினம் எண்டு நீர் சொன்னதா அல்லோ கிராணியார் சொன்னவர்!"

கிராணியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அவரும் துரை முகத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறவர். கசப்பைத் துரை காதில் போடாமல் இருப்பதைத்தான் அவர் உத்தியோகம் என்று நினைத்திருந்தார். ஆனால் தன் பேச்சை இன்னொருத்தர் வாயில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று ஜெயமணிக்கு அன்றைக்கு உறைத்தது.

"எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுங்கம்மா," என்றாள்.

செசிலியாவுக்கும் ஜெயமணிக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. கல்யாணத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் செசிலியா. தோட்டத்துக்கு வந்தபின் படிப்பிக்க ஆளில்லாமல் கை அரித்துக்கொண்டிருந்தது. "ஆருக்கும் சொல்லிப் போடாதையும். என்ர மனுசன்ர வேலைக்கு உலை வைக்காதையும்," என்று பயந்துகொண்டேதான் ஒத்துக்கொண்டாள்.

முதல் பாடமே இங்கிலீஷில் வினைக்குத் துணை நிற்கும் சின்னச் சொற்கள்தான். "இதுகள் தனிய நிண்டு ஒண்டும் செய்யாது. ஒரு வேலைக்கு முன்னால வந்து நிண்டு, அது கட்டாயமோ, முடியுமோ, அனுமதியோ, தயவோ எண்டு சொல்லும். மஸ்ட் எண்டா கட்டாயம். கேன்னொட் எண்டா முடியாது..."

"அந்த ரெண்டும் எங்களுக்குப் பெரட்டுலயே தெரியும்மா," என்றாள் ஜெயமணி. "தெனம் காலைல துரை வாயில அதுதானே. மிச்சத்தச் சொல்லுங்க."

செசிலியா சிரித்துவிட்டாள். ஜெயமணி சொன்னது நிஜம். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஜனங்கள் கேட்ட இங்கிலீஷ் முழுக்க அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும். கேட்கிறதுக்கும், வேண்டுகிறதுக்கும், இப்படிச் செய்தால் நல்லது என்று எடுத்துச் சொல்கிறதுக்கும் அந்தப் பாஷையில் சொல் உண்டு என்பதே லயத்துக்குத் தெரியாது. மே, கேன், குட், வுட், ஷுட் என்று ஒவ்வொன்றாகச் செசிலியா எடுத்து வைத்தாள். தமிழில் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிற 'லாம்', 'ணும்' எல்லாம் அங்கே தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பது ஜெயமணிக்குச் சுலபமாகப் பிடிபட்டது. நாக்கில் வருவதுதான் பாடாய்ப் படுத்தியது.

பழகுவதற்கு ஆளா இல்லை? கொட்டகை நிறையத் தொட்டில். ஒவ்வொரு தொட்டிலாக ஆட்டிக்கொண்டே பேசுவாள். அழுகிற பிள்ளையிடம், யூ மே க்ரை, அழலாம்டா ராசா, என்பாள். கையைக் கடிக்கிறவளிடம், யூ மஸ்ட் நொட் பைட், கடிக்கக் கூடாது, என்பாள். தூங்க அடம்பிடிப்பவனிடம் பெரிய மரியாதையாக, வுட் யூ ஸ்லீப், சார், கொஞ்சம் தூங்குறீங்களா, என்று கேட்பாள். அவன் தூங்க மாட்டான். செசிலியா வாசலில் நின்று உச்சரிப்பைத் திருத்துவாள். பேச்சு வந்த வாண்டுகள் இதைப் பிடித்துக்கொண்டு கோழிகளைப் பார்த்து "மஸ்ட்! மஸ்ட்!" என்று கத்த ஆரம்பித்தன. ஒருநாள் கங்காணி மாயாண்டி கொட்டகையைத் தாண்டிப் போகும்போது ஒரு வாண்டு அவரைப் பார்த்தும் கத்திவிட்டது. மனிதர் திகைத்துப்போய்த் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஒரு வருஷத்தில் ஜெயமணி தேறிவிட்டாள். பெரிய இங்கிலீஷ் இல்லை. ஆனால் யாரிடம் எதைக் கேட்க வேண்டுமோ அதை மரியாதை கெடாமல், முதுகு வளையாமல் கேட்க வரும். டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் செசிலியாவும் அவளும் உட்கார்ந்து செதுக்கி வைத்திருந்தார்கள். பத்து மணிக்குப் பிள்ளைகள் பசியில் அழுகிறார்கள். தாய்மார்கள் வர வேண்டும். வரலாமா, ஐயா? மூன்றே வரி. யாருக்கும் மூச்சு விடவில்லை. தாய்மார்களிடம்கூடச் சொல்லவில்லை. லயத்தில் ஒரு காதில் போட்டால் கிராணி காதுக்குப் போய்ச் சேராமலா இருக்கும்?

அங்கேதான் தப்பு நடந்தது.

டாக்டர் வருகிற நாள் என்றால் தோட்டத்தில் அது ஒரு திருநாள் மாதிரி. கொட்டகைக்கு வெள்ளை அடிப்பார்கள். அன்றைக்கு மட்டும் தாய்மார்கள் வெட்டுக்குப் பிந்திப் போகலாம் என்று கிராணியே விட்டுவிடுவார். வெள்ளைக்காரன் முன்னால் தன் பிள்ளை அழுக்காக, அழுமூஞ்சியாக இருந்தால் எந்தத் தாய்க்குப் பொறுக்கும்? எண்ணெய் தேய்த்து, குளிப்பாட்டி, தீபாவளிச் சட்டையைப் போட்டு, மை தீட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, கார் சத்தம் கேட்கும்வரை மடியில் போட்டுப் பால் கொடுத்து, வயிறு முட்டியபின் தொட்டிலில் விட்டுவிட்டு நிரைக்கு ஓடினார்கள். ஜெயமணியும் சும்மா இருந்தாளா? கொட்டகையைக் கண்ணாடி மாதிரி கழுவி, தொட்டில் துணி எல்லாம் வெளுத்துப் போட்டிருந்தாள். தன் கொட்டகை தன் மானம்.

டாக்டர் உள்ளே வந்தார். ஒரு பிள்ளைகூட அழவில்லை. பாதி தூக்கத்தில் சிரித்தது, பாதி முழித்துக்கொண்டு சிரித்தது. எல்லாரும் கோயில் சிலைகள் மாதிரி மினுமினுத்தார்கள். "வெரி குட். ஹாப்பி பேபீஸ்," என்றார் டாக்டர். துரை தலையாட்டினார். கிராணி அம்பிகைபாகன் தாமே பெற்றுப்போட்டவர் மாதிரிப் பூரித்து நின்றார்.

இந்தக் காட்சியின் முன்னால் நின்று பிள்ளைகள் பசியில் அழுகிறார்கள் என்றால் யார் நம்புவார்? ஒரு வருஷம் உருப்போட்ட மூன்று வரியும் பொய்யாகிப் போய்விட்டது. டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார். இனி அடுத்த வருஷம்தான். அதற்குள் எத்தனை முனியாயியோ!

"சார், மே ஐ ஸ்பீக்?"

பேசலாமா என்று கேட்டது தன் குரல்தான் என்று அவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. துரையின் புருவம் ஏறியது. டிரெஸர் நவரட்ணம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். கிராணி பாய்ந்து வந்தார்.

"ஏய் ஜெயமணி, என்ன இது? எது எண்டாலும் என்னட்டைச் சொல்லு, நான் சொல்லுறன்."

"கிராணி ஐயா, நீங்க செரமப்படாதீங்க. நானே பேசிக்கிறேன்," என்றாள் ஜெயமணி.

டாக்டர் வேடிக்கையாகப் பார்த்தார். பேசலாம் என்றார். அந்த மூன்று வரியை அவள் எடுக்கவில்லை. அது இப்போது உதவாது. அந்த இடத்திலேயே புதிதாக ஒன்றைக் கட்டினாள். தயவுசெய்து காத்திருப்பீர்களா, ஐயா? பத்து மணி வரை. அப்போது நீங்களே பார்க்கலாம். எழுதிக் கொடுக்காத வாக்கியம், செசிலியா திருத்தாத வாக்கியம். தடுமாறித்தான் வந்தது, ஆனாலும் முழுசாக வந்தது.

பங்களாவில் தேநீர் ஆறுகிறது என்று துரை கடிகாரத்தைக் காட்டினார். டாக்டர் ஜெயமணியைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் உட்கார்ந்தபின் துரை எங்கே போவார்? அவரும் நின்றார். துரை நின்றதால் கிராணியும் நின்றார். கடிகார முள் பத்தை நெருங்கியது.

முதலில் ஒரு பிள்ளை சிணுங்கியது. பிறகு பக்கத்துத் தொட்டில். பிறகு எதிர்த் தொட்டில். அப்புறம் கேட்க வேண்டுமா? மை கரைந்து கன்னமெல்லாம் கறுப்பாய் வழிய, கொட்டகையே ஒரே அலறலாகிவிட்டது. ஜெயமணியின் கை தானாகச் சீனித் தண்ணீர்ப் போத்தலுக்குப் போனது. அதைக் கொடுத்தால் கொஞ்ச நேரம் அடங்கிவிடுவார்கள். அடங்கினால் டாக்டர் எழுந்து போய்விடுவார். கையை இழுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். தூக்கி வளர்த்த பிள்ளைகளை அழ விட்டு நிற்கிற இந்த மாதிரி வேதனை அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

ஏன் பால் கொடுக்காமல் நிற்கிறாய் என்று டாக்டர் கோபமாகவே கேட்டார். "ஐ கேன் கிவ் ஷுகர் வாட்டர், சார். மில்க் ஐ கேன்னொட். ஒன்லி மதர் கேன்," என்றாள். சீனித் தண்ணீர்தான் என்னால் கொடுக்க முடியும், பால் தாயால்தான் முடியும். தாய் எங்கே என்று கேட்டார். ஜெயமணி கையை நீட்டினாள்.

கொட்டகைக்குப் பின்னால் மழைத் தண்ணீர் ஓடும் காண். காணுக்கு அந்தப் பக்கம் ரப்பர் நிரை. முதல் மரத்தடியில் காளியம்மா நின்றுகொண்டிருந்தாள். அழுகிறது தன் மகன் என்று குரலிலேயே தெரிந்துவிட்டது அவளுக்கு. கையில் பால்வெட்டும் கத்தி, மரத்தில் பால் சொட்டுச் சொட்டாக மங்குக் கிண்ணத்தில் விழுந்துகொண்டிருக்கிறது, அவளுடைய ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து தொப்பலாகியிருக்கிறது. ஒரு எட்டு வைத்தால் காணைத் தாண்டிவிடலாம். நிரையைவிட்டு வரக்கூடாது என்பது சட்டம். தாண்டாமல் நின்றாள்.

டாக்டர் எழுந்து காண் ஓரம்வரை போனார். காளியம்மாவைப் பார்த்தார். அவள் வெட்கத்தில் இரண்டு கையாலும் மார்பை மறைத்துக்கொண்டாள். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து துரையைத் தனியே அழைத்துப் போனார். அங்கே குரல் உயர்ந்தது, தாழ்ந்தது. கடைசியில் துரை சிவந்த முகத்தோடு திரும்பி வந்து கிராணியிடம் நாலு வார்த்தை சொன்னார். கிராணி அதைத் தமிழாக்க ஜெயமணி பக்கம் திரும்பினார்.

"வெளங்கிடுச்சிங்க ஐயா," என்றாள் அவள்.

அன்று தொடங்கிய பத்து மணி வழக்கம் ஜப்பான் சண்டைக்காலம் வரும்வரை அந்தத் தோட்டத்தில் நின்றது. பக்கத்துத் தோட்டத்துக் கொட்டகைகளில் ஆயா வேலைக்கு வந்தவர்கள் ஜெயமணியிடம் வந்து, எப்படிக் கேட்டீங்க அக்கா, என்று விசாரித்துப் போனார்கள். செசிலியா அலோர் காஜாவுக்கு மாறிப் போனபிறகும், என்னட்டைப் படிச்ச பிள்ளையளுக்குள்ள இவதான் முதல் ஆள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்குக் கார் போனதும் ஜெயமணி காலை இழுத்துக்கொண்டு காண் ஓரத்துக்குப் போனாள். காளியம்மா அதே மரத்தடியில் அதே மாதிரி நின்றிருந்தாள்.

"வாடி. பிள்ளைக்குப் பால் குடு."

காளியம்மா நகரவில்லை. நிரைக்குள் திரும்பிக் கங்காணி மாயாண்டி எங்கே என்று தேடினாள். "வையமாட்டாங்களா அக்கா? யாரு வரச் சொன்னாங்க?"

"துரை சொல்லிட்டாரு."

"கிராணி ஐயாவா கேட்டுக் குடுத்தாரு?"

"இல்லடி," என்றாள் ஜெயமணி. அழுகையும் சிரிப்புமாக, நிரை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "நான் கேட்டேன். எம் வாயால நானே கேட்டேன்."

காளியம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் காணைத் தாண்டினாள்.