எங்கள் ராக் பாட்டும் அண்ணன் போட்ட போனும்

அவனுக்கு அக்காவே கிடையாது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆனால் யூடியூப் பேட்டியில், "ஒரு பொண்ணோட வலிய நீங்க எப்படி இவ்ளோ ஆழமா எழுதினீங்க?" என்று கேட்டதும், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "எங்க அக்காவ பொண்ணு பாக்க வந்தப்போ நான் பக்கத்துல இருந்தேன்" என்றான். நான் அப்போது கள்ளக்குறிச்சியில் என் வீட்டு அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பெண் பார்க்க வந்தது என்னை. அந்தப் பாட்டை எழுதியதும் நான்தான்.

அவனும் நானும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் நான் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டி.டி.பி. கடையில் சேர்ந்தேன். மனு, வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடிப்பேன். அவன் வேலைக்குப் போகவில்லை, கிட்டார் வாங்கினான். ஜிம் வைத்திருந்த ஒருத்தன் பாட, சர்ச்சில் டிரம்ஸ் வாசித்த ஒருத்தன் சேர, ஹார்ட் ராக் பேண்டு ஆரம்பித்தார்கள். சின்னசேலம் போகிற வழியில் அவனுடைய மாமாவின் ஜவ்வரிசி ஆலை மூடிக் கிடந்தது. அதுதான் ஸ்டுடியோ. எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் சாக்கு கட்டினார்கள். புளித்த மாவு வாடை மட்டும் கடைசிவரை போகவில்லை. இன்றைக்கும் எங்கேயாவது கிட்டார் அலறினால் எனக்கு அந்த வாடைதான் வருகிறது.

முதலில் இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்புறம் தமிழுக்கு வந்தார்கள். ஒருநாள் அவன் எழுதிய வரிகளை அடித்துத் தரச் சொல்லிக் கடைக்கு வந்தான். அடித்துக்கொண்டே படித்தேன்.

"இன்னாடா இது, ரேஷன் கடை போர்டு மாதிரி கீது?"

"அப்ப நீயே எழுது, பாக்கலாம்."

எழுதினேன். அதற்கப்புறம் அவன் வாயாலேயே கிட்டார் சத்தம் போட்டு வாட்ஸ்ஆப்பில் அனுப்புவான். 'டக டக டங்ங்' என்று வரும். நான் இரண்டு மனுவுக்கு நடுவே அதைக் கேட்டு, மேஜையில் தட்டிப் பார்த்துச் சொல் போடுவேன். முதல் பாட்டு பஸ் ஸ்டாண்டில் முறைத்துப் பார்க்கிறவர்களைப் பற்றி. இரண்டாவது, ஆலைத் தண்ணீர் கலந்து நாறிப்போன ஓடையைப் பற்றி. அதை அவனுடைய மாமாவின் ஆலையிலேயே பதிவு செய்தோம், அந்தத் திமிர் எங்களுக்கு இருந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதுவேன், அவன் பாதியை வெட்டுவான். "மூணு நிமிசப் பாட்டுடி, பட்டா மனு இல்ல" என்பான். அவன் வெட்டியது சரியாகத்தான் இருக்கும். அதை இப்போதும் ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாவதுதான் அந்தப் பாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் எதுவும் சொல்லவில்லை, எங்கள் அத்தைதான் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். தலையக் குனி. மெல்ல நட. கேட்டா மட்டும் பேசு. பல்லக் காட்டாத. கொஞ்சம் சிரி. மறுநாள் கடையில் உட்கார்ந்து அதை அப்படியே வரிவரியாக அடித்தேன். ஒரு சொல்கூட நானாகச் சேர்க்கவில்லை. கடைசியில் மட்டும் 'மாட்டேன்' என்று ஒன்று போட்டேன்.

அவன் பாட்டு முழுக்க கிட்டாரை ஓட விட்டிருந்தான். 'மாட்டேன்' அதில் எங்கேயோ மூழ்கிப்போனது. "அதுக்கு முன்னாடி உன் கிட்டாரு வாய மூடிக்கினு கெடக்கணும்" என்றேன். முறைத்தான். கிட்டார் நின்றால் அது ராக்கே இல்லை என்றான். நான் ஆலையை விட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். உள்ளே மறுபடி வாசித்தார்கள். கிட்டார், டிரம்ஸ் எல்லாம் சட்டென்று நின்றது. ஒரு மூச்சு இழுக்கிற நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஜிம்காரன் அடிவயிற்றிலிருந்து "மாட்டேன்" என்று கத்தினான். வெளியே நின்ற எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்றைக்கு அந்தப் பாட்டுக்குக் கீழே எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு மூச்சைத்தான் புகழ்கிறார்கள்.

கல்வராயன்மலையில் வீடியோ எடுத்தார்கள். அவர்கள் பைக்கில் போனார்கள், நான் வெள்ளிமலை பஸ்ஸில் தனியாகப் போனேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனால் ஊர் பார்க்கும் என்கிற புத்தி எனக்கு இருந்தது. ஆனால் பெயர் போடும்போது அந்தப் புத்தி எங்கே மேயப் போனதோ! மூன்று பாட்டுக்கும் கடைசியில் காட்டுகிற பெயர்ப் பலகையைக் கடை கம்ப்யூட்டரில் நான்தான் செய்தேன். மேலே 'பாடல்' என்று போட்டு, கீழே நடுவாக அவன் பெயர், ஒரு சின்னக் கோடு, என் பெயர். தினம் பத்திரிகை அடிக்கிற கை, வேறெப்படிப் போடும்? எழுத்துகூட முகூர்த்தப் பத்திரிகைக்குப் போடுகிற அதே வளைவு எழுத்துதான். அவன் பார்த்துவிட்டு "சூப்பர்டி" என்றான்.

அடுத்து வந்த எலவனாசூர்கோட்டை சம்பந்தம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அவர்கள் பக்கத்தில் யாரோ அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். தரகர் போனைக் கொண்டுவந்து அண்ணனின் உரக்கடையில் காட்டியிருக்கிறார். அண்ணன் கடையைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"இன்னாடி இது? கல்யாணப் பத்திரிகையே அடிச்சி வெச்சிக்கீற?"

"பாட்டு எழுதினவங்க பேருண்ணா அது."

"ஒரு ஆம்பள பேரு, ஒரு பொம்பள பேரு, நடுவுல கோடு. பாக்கறவன் இன்னா நெனைப்பான்?"

"ரெண்டு பேரும் சேந்து எழுதினோம்னு நெனைப்பான்."

கன்னத்தில் விழும் என்று நினைத்தேன், விழவில்லை. அவர் என் எதிரிலேயே அவனுக்குப் போன் போட்டார். "தம்பி, எங்க வூட்டுப் பொண்ணு பேர எடுத்துடுப்பா." அந்தப் பக்கம் "சரிங்கண்ணே" என்றது. அவ்வளவுதான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அந்தப் போனின் இரண்டு பக்கத்திலும் யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் நான் கூப்பிட்டேன். "உன் நல்லதுக்குத்தான்டி" என்றான். பேண்டு பெயரையாவது போட்டிருக்கலாமே என்றேன். "அது நல்லா இல்ல, அதான் என் பேர மட்டும் வெச்சிட்டேன்" என்றான். பாவி.

எலவனாசூர்கோட்டைக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பேர எடுத்துட்டாங்கன்னா அப்ப இன்னாவோ இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு இடம் பார்க்கப் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சம்பந்தமும் போனது, பெயரும் போனது. பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி அண்ணன் யாருக்கும் போன் போடவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. வீட்டுக்காரருக்கு ஊர் களமருதூர், கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். நானும் டி.டி.பி. கடைக்கே திரும்பப் போனேன். பாட்டை மறந்தேன் என்று சொன்னால் பொய். யாரோ ஒரு கல்லூரிப் பெண் அதற்கு வாயசைத்துப் போட்ட ஒரு நிமிட வீடியோ எப்படியோ பரவியது. பிறகு பார்க்கிற போனிலெல்லாம் "மாட்டேன்". அவன் மெட்ராஸ் போய்விட்டான், பேட்டி கொடுத்தான், இல்லாத அக்காவைப் பெற்றெடுத்தான். வயிறு எரிந்து, பேட்டிக்குக் கீழே 'இதை எழுதியது நான்' என்று போட்டேன். "ஆமாக்கா, மியூசிக்கு நான்தான் போட்டேன்" என்று எவனோ பதில் எழுதினான். அதற்கு அத்தனை சிரிப்பு பொம்மை.

நேராக அவனையே கூப்பிட்டேன்.

"நல்லாக்கீறீங்களா?" என்றான். நீங்களாம்! ஆலையில் என் டிபன் பாக்ஸிலிருந்து பிடுங்கித் தின்றவன்.

"என் பேரப் போடு" என்றேன்.

"போடக் கூடாதுன்னு இல்லீங்க. அன்னிக்கு உங்க அண்ணன் சொன்னாரு, எடுத்தேன். இப்ப போட்டா உங்க வூட்ல இன்னா சொல்வாங்களோ. ஒண்ணு பண்ணுங்க, வூட்டுக்காரர ஒரு போன் போடச் சொல்லுங்க. அவரு சரின்னா இன்னிக்கே மாத்திடறேன்."

"எழுதினவ நான் சொல்றேன், பத்தாதா?"

"கோச்சிக்காதீங்க. நாளைக்கு எனக்குப் பிரச்சனை வரக் கூடாதில்ல?"

வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் அதுவரை சொன்னதில்லை. அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எலவனாசூர்கோட்டை, கோடு, அண்ணன், எதையும் விடவில்லை. அவர் கைக்கறையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பாட்டை முழுக்கக் கேட்டார். மறுபடி கேட்டார்.

"நெஜமாவே நீ எழுதினதா?"

"ஆமாங்க."

"அந்த நிக்கிற எடமும்?"

"அதுவும்தான்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அது சந்தேகப் பார்வை இல்லை, பெருமை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அந்த ஆளு நம்பரு குடு. இப்பவே சொல்றேன்" என்று தன் போனை எடுத்தார்.

நல்ல மனுஷன். அவர் முறைத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேணாங்க" என்றேன்.

"ஏன்? நான் ஒண்ணும் தப்பா நெனைக்கலியே."

"தெரியும்."

"அப்புறம் இன்னா? நான் ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிடும்."

"எங்கண்ணன் ஒரு வார்த்த சொன்னதுலதாங்க அது போச்சு."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. முகம் வாடிவிட்டது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நம்பர் எனக்கு மனப்பாடம். நான் சொல்லவில்லை.